ஜெனரல் வெயிலின் ஒற்றை நட்சத்திரம்

அந்த கேமையா தம்பி இறக்கப் போறீங்க, செம்மண் போர்? இல்ல, ஒண்ணுமில்ல. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு அடுத்தவங்க போனைப் பாக்கக் கூடாதுதான். கண்ணு தானா அங்க போயிருச்சு. தாராளமா இறக்குங்க, நல்ல கேம். ஆனா கீழ கருத்தெல்லாம் படிக்கிறீங்க பாருங்க, மொத ஆளா ஒண்ணு நிக்குதே, ஒத்த நட்சத்திரம், "இந்த விளையாட்டில் ஒரு டேங்க் நகர்வதற்குள் என் மீசை நரைத்துவிட்டது"ன்னு ஆரம்பிக்குமே. நானூத்திப் பன்னெண்டு பேர் அது உபயோகமா இருந்துச்சுன்னு அமுக்கியிருப்பாங்க.

அது நான் எழுதுனது.

பேரு ஜெனரல் வெயில்னு போட்டிருக்கா? நான்தான். சொந்தப் பேரு வெயிலுமுத்து. சாத்தூர் பக்கத்துல நாலுவழிச் சாலையில ஒரு வே பிரிட்ஜ் இருக்கு, லாரிய ஏத்தி எடை போடுறது. அதுல ஆப்பரேட்டரா இருக்கேன், பதினாறு வருசமா. வயசு நாப்பத்தேழு. மீசை கறுப்பாத்தான் இருக்கு, பாத்துக்கோங்க. எழுதும்போது ஒரு எடுப்பா இருக்கட்டுமேன்னு போட்டேன்.

இப்ப கேம் மெதுவா இல்லையேன்னு கேப்பீங்க. ஆமா, இப்ப இல்ல. அப்ப அந்தக் கருத்த அழிக்கலாம்லன்னு கேப்பீங்க. எங்க வீட்லயும் அதத்தான் கேட்டா. ஒரு அமுக்கு அமுக்குனா போயிரும். ஆனா தம்பி, நானூத்திப் பன்னெண்டு பேர். நான் வாயத் தொறந்து சொன்னத, ஆமாய்யா நீ சொல்றது சரின்னு நானூத்திப் பன்னெண்டு பேர் சொன்னது இந்தப் பொறப்புல இது ஒரு தடவதான். கீழ ஒரு வரி சேத்திருக்கேன், "பின்குறிப்பு: இப்போது கருத்து மாறிவிட்டது"ன்னு. 'மேலும்'னு இருக்கும், அத அமுக்குனாத்தான் தெரியும். யாரும் அமுக்குறதில்ல.

பஸ் எடுக்க இன்னும் இருவது நிமிசம் ஆகுமாம். கண்டக்டர் டீ குடிக்கப் போயிருக்காரு. சொல்றேன், கேளுங்க.

எனக்கு இந்தக் கேம் எப்படிப் பழக்கம்னா, காலேஜ் படிக்கும்போது கோவில்பட்டியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்துச்சு. டைப்பிங் பழகப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு அங்க போயி இந்த மாதிரி சண்டைக் கேம்தான் ஆடுவேன். கோட்டை கட்டணும், லாரி விட்டு இரும்புத்தாது அள்ளிட்டு வரணும், அத வச்சு டேங்க் செய்யணும், எதிராளி கோட்டைய அடிக்கணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடணும். செஸ் மாதிரி நீ ஒரு தடவ நான் ஒரு தடவன்னு கிடையாது. அந்தக் கம்ப்யூட்டர் சென்டர்ல என்ன ஜெயிக்க ஆளே இல்ல. அங்க மொத்தம் நாலு பேர்தான் ஆடுவோம்ங்கறது வேற விசயம்.

போன வருசம் சித்திரையில இந்தச் செம்மண் போர் கண்ணுல பட்டுச்சு. அதே பழைய மாதிரி, பொம்மையெல்லாம் கட்டம் கட்டமா, மூக்கு முழி தெரியாம. அதே டொய்ங் டொய்ங் சத்தம். இலவசம். வைரம் வாங்கு, வைரம் வாங்குன்னு நடுவுல கேக்கும், வாங்காமலும் ஆடலாம். எனக்கு வேல எப்படின்னா, லாரி வந்தா எடை, சீட்டு, சீல். அடுத்த லாரி வர்ற வரைக்கும் கேபின்ல சும்மா உக்காந்திருக்கணும். வெளியில லாரி, போனுக்குள்ள லாரி. ஒரு டிரைவர் வந்து ஜன்னல்ல தட்டுனா, ரெண்டுல எந்த லாரிய மொதல்ல கவனிக்கன்னு ஒரு நிமிசம் குழம்பிப்போயிருவேன்.

ஒரே மாசத்துல பட்டியல்ல நூறு பேருக்குள்ள வந்துட்டேன். அப்பத்தான் லூர்து அறுபத்தொண்ணு வந்து மாட்டுனது. நான் மாட்டுனேன்னு சொல்லணும்.

ஆட்டத்துல அதுதான் பேரு, லூர்து, பக்கத்துல ஆறு ஒண்ணு. அறுபத்தொண்ணுங்கறது பொறந்த வருசமா இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். யாரோ ரிட்டயர்டான பெரியவர், ஈசி சேர்ல சாஞ்சுக்கிட்டு ஆடுறாருன்னு மனசுல ஒரு படம். நான் எப்படி ஆடுவேன்னா, பத்துப் பதினஞ்சு டேங்க் சேத்து ஒரேயடியா கொண்டுபோயி இறக்குவேன். அந்த ஆளு மூணே மூணு டேங்க்க ஒரு பாலத்துக்கு அந்தப்பக்கம் நிப்பாட்டி வச்சிருப்பாரு. பாலத்துல ஒண்ணொண்ணாத்தான் ஏற முடியும். என் டேங்க் ஒண்ணொண்ணா வரும், ஒண்ணொண்ணா வெடிக்கும். அதுக்கப்புறம் நிதானமா ஒரு லாரி, ஒரு டேங்க், ஒரு லாரி, ஒரு டேங்க்னு என் கோட்டைக்குள்ள வருவாரு, பெருக்கித் தள்ளுற மாதிரி. முடிஞ்சதும் ஒரு செய்தி வரும்: "நல்ல ஆட்டம். நன்றி."

பதினாலு தடவ தோத்தேன். பதினாலு தடவயும் நல்ல ஆட்டம், நன்றி. தோத்ததக்கூடத் தாங்கிக்கலாம், அந்த நன்றிதான் தம்பி என்னால தாங்க முடியல.

வீட்ல வந்து சொன்னேன். எங்க வீட்ல பேரு மாரிக்கனி, ஜாக்கெட் தைக்கிறா. மோட்டார் மிஷின ஓட்டிக்கிட்டே, "அவரு உங்களவிட நல்லா ஆடுறாரு போல"ன்னா. நான் சொன்னேன், "அப்படி இல்ல. கேம் மெதுவா இருக்கு. ஒரு டேங்க் செய்ய ரெண்டு நிமிசம் ஆகுது. எனக்கு யோசனை டக்கு டக்குன்னு வருது, கேம் அந்த வேகத்துக்கு வர மாட்டேங்குது." அவ நூல் கோத்தா.

அதுக்கப்புறம்தான் கருத்து எழுதுற எடத்துக்குப் போனேன். மொதல்ல மத்தவங்க எழுதுனதப் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோசம் தாங்கல, ஒரு ஊரே உக்காந்து புலம்பிக்கிட்டு இருக்கு. "டேங்க் சுவத்துல முட்டிக்கிட்டே நிக்குது, திரும்பத் தெரியல"ன்னு ஒருத்தர். "வைரம் வாங்குனவன்தான் ஜெயிக்கான்"னு ஒருத்தர். "எங்க அண்ணன் கூட ஆடுன பழைய கேம் மாதிரியே இருக்கு, கண்ணு கலங்கிருச்சு, ஆனா விளம்பரத்தக் குறைங்க"ன்னு ஒருத்தர். இன்னொருத்தர், "சூப்பர் கேம், ஆனா என் போன்ல ஓப்பன் ஆகல"ன்னு எழுதி அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காரு. லாரி ஏன் சுத்துப்பாதையில போகுதுன்னு ஒரு பெரிய வாக்குவாதமே நடக்குது. அதுல நான் நுழைஞ்சு, பதினாறு வருசம் லாரியோட பழகுனவன்ங்கற முறையில, அது சுத்துப்பாதை இல்ல, டிரைவர் புத்திசாலின்னு ஒரு விளக்கம் குடுத்தேன். மூணு பேர் அமுக்குனாங்க. அந்த மூணு குடுத்த தைரியத்துலதான் மீசை நரைச்ச கருத்த எழுதுனேன். முப்பது வரி. ரெண்டு லாரி காத்துக்கிட்டு நின்னுச்சு.

எழுதி முடிச்சு மாரிக்கனிக்குப் படிச்சுக் காட்டுனேன். "கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல எனக்கு இவ்வளவு நீளமா நீங்க ஒண்ணும் எழுதுனதில்ல"ன்னா. பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

ஒரு வாரத்துல நூறு பேர். ரெண்டு வாரத்துல இருநூத்தி எம்பது. எனக்குப் பின்னால வந்தவங்க எல்லாரும் "ஜெனரல் வெயில் அண்ணன் சொன்ன மாதிரி"ன்னு ஆரம்பிச்சு எழுதுறாங்க. கேம் செஞ்சவங்க கீழ பதில் போட்டாங்க, "உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டோம்"னு. ஆடி மாசம் கேம் மாறிப்போச்சு. ரெண்டு மடங்கு வேகம். டேங்க் டபடபன்னு வருது. லாரி பறக்குது. எல்லாரும் கொண்டாடுறாங்க, எனக்குத் தனியா நன்றி வேற.

அன்னைக்கு மத்தியானம் லூர்து கூட ஆட்டம். ஆறு நிமிசத்துல முடிச்சுட்டேன். பாலத்துக்கிட்ட மூணு டேங்க் வர்றதுக்கு முன்னாலயே நான் பாலத்தத் தாண்டியாச்சு. கேபின விட்டு வெளிய வந்து அங்க நின்ன டிரைவர் மூணு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. ஒருத்தர் எனக்குப் பிள்ள பொறந்திருக்கான்னு கேட்டாரு.

மறுநாளும் ஜெயிச்சேன், அதுக்கு மறுநாளும். அவரு பாட்டுக்கு நல்ல ஆட்டம், நன்றின்னு போட்டுக்கிட்டே இருந்தாரு. நாலாவது ஆட்டம் ரொம்ப மோசம். அவரு பக்கம் ஒரு டேங்க் கூட வரல. கட்டளை குடுக்கக் குடுக்கப் பிந்திப்போகுது, சுவர் ஒரு எடத்துல கட்ட வேண்டியது வேற எடத்துல நிக்குது. நான் ஜெயிச்ச கையோட ஒரு செய்தி போட்டேன்.

"என்ன தாத்தா, கை நடுங்குதா?"

இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பி, வீட்டத் தவிர. உங்கள முன்னப்பின்னத் தெரியாதுங்கறதால சொல்றேன். தெரிஞ்ச ஆளா இருந்தா விட்டிருப்பேன்.

பதில் வரல. கொஞ்ச நேரம் அங்க ஆள் இருக்கிற அடையாளம் பச்சைப் புள்ளியா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் அணைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் லூர்து வரவே இல்ல. நான் என்ன நெனச்சேன்னா, பயந்துட்டாருன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

ரெண்டு வாரம் கழிச்சு என் கருத்துக்கு எத்தன பேர் அமுக்கியிருக்காங்கன்னு பாக்கப் போனேன், தினம் போறதுதான். கீழ புதுசா ஒண்ணு. ஒத்த நட்சத்திரம். லூர்து அறுபத்தொண்ணு. எனக்கு அது வரி வரியா மனப்பாடம்.

"இந்த ஆட்டம் மெதுவாக இருந்ததால்தான் நான் ஆடினேன். எனக்கு வலது கை வராது. நாலு வருடமாகிறது. இடது கையில் ஒரு விரலால் ஆடுவேன். யோசிக்க நேரம் இருந்தது, விரல் போய்ச் சேரவும் நேரம் இருந்தது. எனக்குக் கை வராது என்பது இந்த ஒரு இடத்தில் மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. ஒருவர் கேட்டும்விட்டார்."

உபயோகமா இருந்துச்சுன்னு ரெண்டு பேர் அமுக்கியிருந்தாங்க.

மொதல்ல எனக்கு வந்தது கோவம் தம்பி. இத ஏன் பொதுவுல எழுதணும், என்கிட்ட தனியாச் சொல்லியிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன், இப்படியெல்லாம் ஓடுது மனசுல. வெளியில ஒரு ஜல்லி லாரி மேடையில ஏறி நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கு. டிரைவர் எறங்கி வந்து, "அண்ணே, சீட்டு"ங்காரு. நான் எடையப் பாக்காமலே சீட்ட எழுதி, அப்புறம் கிழிச்சுப்போட்டு, மறுபடி எழுதுனேன்.

வீட்டுக்குப் போயி மாரிக்கனிகிட்ட போனக் குடுத்தேன். அவ மிஷின்ல இருந்தபடியே படிச்சா. படிச்சுட்டு, "கடைசியில ஒருத்தர் கேட்டும்விட்டார்னு போட்டிருக்கே, யாரு அது?"ன்னா.

"யாரோ ஒரு ஆளு."

மிஷின் நின்னுபோச்சு. எங்க வீட்ல மிஷின் நிக்கிறதுன்னா கரண்ட் போகணும், இல்ல விசேசம் வரணும்.

"யாரோவா?"

நான் செருப்பப் பாத்துக்கிட்டு நின்னேன். "நான்தான்"னேன்.

அவ திட்டல. திட்டியிருந்தா தேவலாம். போன என் கையில குடுத்துட்டு, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. அன்னையிலருந்து என்கிட்ட பேசுனதெல்லாம் சோறு, தண்ணி, சாவி, இவ்வளவுதான்.

மூணாவது நாள் கேம் செஞ்சவங்களுக்கு ஒரு மெயில் எழுதுனேன், தயவுசெஞ்சு பழைய மாதிரி மெதுவாக்கணும்னு. என் நம்பரும் போட்டேன். ரெண்டு நாள்ல போன் வந்துச்சு. தமயந்தின்னு பேரு, ஈரோடு. அவங்களும் அவங்க அண்ணனும் மட்டும்தான் அந்தக் கேம செஞ்சது, வீட்டு மாடியில உக்காந்து.

"சார், நீங்கதானே ஜெனரல் வெயில்?"

"ஆமாம்மா."

"மெதுவா இருக்குன்னு முப்பது வரி எழுதுனது நீங்க. இப்ப வேகமா இருக்குன்னு நாப்பது வரி எழுதியிருக்கறதும் நீங்க."

"ஆமாம்மா."

எங்க அண்ணன் சுவத்துல உங்க கருத்த அச்சடிச்சு ஒட்டி வச்சிருக்கான் சார்னு சொன்னாங்க. அத வச்சுத்தான் ரெண்டு மாசம் உக்காந்து மாத்துனோம்னாங்க. நட்சத்திரக் கணக்கு மொதல்ல மூணு புள்ளி ஆறா இருந்துச்சு, இப்ப நாலு புள்ளி ஒண்ணு, இத எப்படி சார் திருப்பி எடுக்கறதுன்னாங்க. நான் லூர்து எழுதுனத அவங்களுக்குப் படிச்சேன். அவங்களும் ஏற்கனவே படிச்சிருக்காங்க. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசல.

"தனியா ஒரு களம் வைக்கலாம்"னாங்க கடைசியில. "பழைய வேகத்துல. ஆனா அங்க ஆள் இருக்கணும் சார். அவங்க வந்து எதிராளி கெடைக்காம அரை மணி நேரம் காத்திருந்துட்டுப் போனா, அதுக்கு அது இல்லாமலே இருக்கலாம். தினமும் ஆட ஒரு முப்பது பேர் இருப்பாங்களா?"

"நான் கொண்டுவரேம்மா"ன்னுட்டேன். வாய்தான.

தம்பி, முப்பது பேர்ங்கறது ஒரு எண்ணிக்கையே இல்லன்னு நெனச்சேன். நானூத்திப் பன்னெண்டு பேர் என் பின்னால இருக்காங்கல்ல. எழுதிக் கேட்டேன், "மெதுவான களத்தில் ஆட விரும்புவோர் கை தூக்கவும்"னு. ஒரே ஒரு ஆள் பதில் போட்டாரு, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு.

அப்புறம்தான் லாரிக்காரங்களப் புடிச்சேன். ஒவ்வொரு லாரியும் மேடையில ஏறுறதுக்குள்ள ஜன்னல் வழியா ஆரம்பிச்சுருவேன். அண்ணே, உங்களுக்குச் சரக்கு எறக்கக் காத்திருக்கிற நேரம் இருக்குல்ல, அதுக்கு ஒரு கேம் இருக்கு, மெதுவா போகும், டென்ஷன் கிடையாதுன்னு. பரமத்திவேலூர்க்காரரு ஒருத்தரு, துரைசிங்கம்னு, தவறாம வர்ற டிரைவர். அவரு போன எடுத்து உடனே இறக்குனாரு. இறக்கிட்டு, உங்கள மாதிரியே, கருத்து எல்லாம் வாசிச்சாரு. "என்னண்ணே, ஜெனரல் வெயில்னு ஒருத்தன் இது ஆமை கேம்னு கிழிச்சிருக்கானே"ன்னாரு.

"அவன் கெடக்கான், விடுங்க"ன்னேன்.

ஒன்றரை மாசம் ஆச்சு. டிரைவர் இருவத்தோரு பேர். எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்கவரு. பஞ்சர் கடையில ரெண்டு பேர். என் மச்சினன், அவன் கூட வேல பாக்குற நாலு பேர். இருவத்தொம்பது. முப்பதாவது ஆளுக்கு நான் அலைஞ்சுக்கிட்டு இருக்கும்போது மாரிக்கனி போன நீட்டி, "இதுல எனக்கும் போட்டுக் குடுங்க"ன்னா. அதுதான் அவ என்கிட்ட பழையபடி பேச ஆரம்பிச்சது. மொத வாரமே என்ன ரெண்டு தடவ தோக்கடிச்சா. அவளும் அந்தப் பாலத்துலதான் நிக்கிறா. அந்த வித்த எங்கிருந்துதான் வருதோ.

ஐப்பசியில தமயந்தி நிதானக் களம்னு ஒண்ணு தொறந்தாங்க. நாங்க முப்பது பேரும் போயி உக்காந்தோம். லூர்து வரல. கேமையே போன்லருந்து எடுத்துட்டாராம். முகவரி, நம்பர் எல்லாம் எனக்குத் தர முடியாதுன்னு தமயந்தி சொல்லிட்டாங்க, அது நியாயம்தான். ஆனா நீங்க எழுதிக் குடுங்க, நான் அனுப்புறேன்னாங்க.

எழுதுனேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கருத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். தற்போது மெதுவான களம் திறக்கப்பட்டுள்ளது. தாங்கள் திரும்ப வர வேண்டும். தங்கள் ஆட்டத்தின் ரசிகன், வெயிலுமுத்து, சாத்தூர்." நம்பர் போட்டேன். ஜெனரல் வெயில்னு மட்டும் போடல. 'என்ன தாத்தா'ன்னு கேட்டது நான்தான்னு தெரிஞ்சா மனுசன் வருவாரா? அதெல்லாம் யோசிச்சுத்தான் எழுதுனேன். ஆட்டத்துல புதுசா வேற பேரும் வச்சுக்கிட்டேன்.

பதினோரு நாள் கழிச்சு, கேபின்ல இருக்கேன், புது நம்பர்லருந்து போன்.

"வெயிலுமுத்துங்களா?"

பொம்பளைக் குரல். சிமெண்டு லோடு பத்திக் கேக்காங்களோன்னு, "வண்டி நம்பர் சொல்லுங்கம்மா"ன்னேன்.

"வண்டி இல்ல. நான் லூர்து பேசுறேன். கடிதாசி கெடச்சுது."

"ஐயா இல்லையாம்மா?"

"எந்த ஐயா?"

அவங்களே சொன்னாங்க. லூர்து மேரி. தூத்துக்குடி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. மக ஸ்கூல்ல டீச்சர், காலையில போனா சாயங்காலம்தான் வருவா. அது வரைக்கும் வீட்ல ஒத்தையா இருக்காங்க. வார்த்த ஒண்ணொண்ணா, தெளிவா வருது, அவங்க ஆட்டம் மாதிரியே. நான் பாட்டுக்கு, ஞாயித்துக்கிழமை உங்கள வந்து பாக்கலாமாம்மான்னு கேட்டுட்டேன். வாங்கன்னுட்டாங்க.

மாரிக்கனி காராச்சேவு அரைக் கிலோ வாங்கிக் குடுத்து விட்டா. வாசல்ல நிக்கும்போது, "போனதும் சொல்லிருங்க, தின்னுட்டுச் சொல்லலாம்னு இருக்காதீங்க"ன்னா. சரின்னுட்டுப் போனேன்.

தூத்துக்குடியில மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு சந்து. சின்ன வீடு, உப்புக்காத்துல ஜன்னல் கம்பியெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்கு. வெள்ள முடி, ஒல்லியா, மூக்குக் கண்ணாடி. வலது கைய மடியில எடுத்து வச்சிருந்தாங்க, யாரோ குடுத்து வச்ச பொருள் மாதிரி. மக கோயிலுக்குப் போயிருக்கான்னாங்க. உக்காரச் சொன்னாங்க. பக்கத்துல மேசையில போன நிப்பாட்ட ஒரு மரக்கட்டை. எக்ஸ்சேஞ்சு கதையெல்லாம் சொன்னாங்க. ஒரே நேரத்துல பதினாறு லைன் பாப்பாங்களாம். அந்த ஆபீஸ்லயே இவங்க கைதான் வேகமாம். நான் கேட்டுக்கிட்டே காராச்சேவத் தின்னுக்கிட்டு இருக்கேன். மாரிக்கனி என்ன சொல்லி அனுப்புனா, நான் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன், பாத்துக்கோங்க.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா"ன்னாங்க.

"கேளுங்கம்மா."

"நேரா ஜெனரலுக்குப் போயிட்டீங்களே, நடுவுல கர்னல், மேஜர் எல்லாம் வேண்டாமா?"

காராச்சேவு தொண்டையில நின்னுபோச்சு. இருமி, தண்ணி குடிச்சு, நிமுந்து பாத்தா அவங்க அப்படியே பாத்துக்கிட்டு இருக்காங்க.

"எப்பம்மா தெரியும்?"

"கடிதாசியில வெயிலுமுத்துன்னு எழுதியிருந்தீங்களே. லைன் எரைச்சலுக்குள்ள பாதிப் பேரக் கேட்டு முழுப் பேரக் கண்டுபுடிக்கிறதுதான் இருவத்தெட்டு வருசம் எனக்கு வேல."

"தெரிஞ்சுமா வரச் சொன்னீங்க?"

"என்ன சொல்வீங்கன்னு பாக்கத்தான். ஒரு மணி நேரம் ஆச்சு, சொல்லல. சரி, நாமளே கேட்டுருவோம்னு கேட்டேன்."

நான் எந்திரிச்சு நின்னேன். எதுக்கு நின்னேன்னு தெரியல, ஸ்கூல்ல வாத்தியார் முன்னால நிப்போம்ல, அப்படி. "தப்புதாம்மா. மன்னிச்சிருங்க"ன்னேன். பஸ்ல வரும்போது பெருசா ஒண்ணு தயார் பண்ணி வச்சிருந்தேன், அதெல்லாம் வரல.

அவங்க மடியில இருந்த கையப் பாத்தாங்க. "நடுங்குதான்னு கேட்டீங்க. நடுங்குனா நல்லா இருக்கும் தம்பி. டாக்டர் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. ஒரு விரல் நடுங்குனாக்கூடப் போதும்னு."

எனக்குத் தலைய நிமுத்த முடியல. அப்புறம் சொன்னாங்க, "அதக்கூட விட்டுரலாம். தாத்தான்னு சொன்னீங்க பாருங்க. அத நான் மன்னிக்கிறதா இல்ல." சொல்லிட்டுச் சிரிச்சாங்க. முழுசும் விளையாட்டுக்குச் சொன்னாங்களா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேக்கவும் இல்ல.

அப்புறம் கேம இறக்கிக் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன். நிதானக் களத்துல எதுத்து எதுத்து உக்காந்து ஒரு ஆட்டம் போட்டோம். அன்னைக்குத்தான் நான் அந்த விரலப் பாத்தேன். இடது கை ஆள்காட்டி விரல். தூக்கி, நிப்பாட்டி, எடம் பாத்து, வைக்கிறாங்க. ஒரு தடவ வச்சா அது தப்புறதில்ல. நான் பத்துத் தடவ அமுக்குற எடத்துல அவங்க ஒரு தடவ. விட்டுக்குடுத்து ஆடுவோமான்னு நடுவுல ஒரு நெனப்பு வந்துச்சு. அந்த நெனப்புக்கு அவசியமே இல்லாமப் போச்சு. அம்பது நிமிசத்துல என் கோட்டையில ஒரு செங்கல் இல்ல.

இப்ப தினமும் மத்தியானம் வர்றாங்க. துரைசிங்கத்த அழ வைக்கிறாங்க. எங்க வீட்ல மாரிக்கனியும் அவங்களும் போன்ல தனியாப் பேசிக்கிறாங்க, எனக்கு எதிரா ஏதோ திட்டம் போடுறாங்கன்னு நெனைக்கேன்.

அன்னைக்குத் தூத்துக்குடியில அவங்க வீட்லருந்து கெளம்பும்போது, "இருங்க, மக்ரூன் இருக்கு, தின்னுட்டுப் போங்க"ன்னாங்க. ஒரு தகர டின். மூடி இறுகிக் கெடக்கு. டின்ன முழங்காலுக்கு நடுவுல வச்சு இறுக்கிக்கிட்டு, இடது கைக் கட்டவிரல் நகத்த மூடிக்கு அடியில குடுத்தாங்க. வழுக்குது. டின்னக் கொஞ்சம் திருப்புறாங்க, மறுபடி நகம். மறுபடி வழுக்குது. என் கை தானா போச்சு. "குடுங்கம்மா, நான் தொறக்கேன்."

"உக்காருங்க"ன்னாங்க. கோவமா இல்ல, சாதாரணமாத்தான்.

உக்காந்தேன். கைய ரெண்டு தொடைக்கும் அடியில வச்சுக்கிட்டேன். எதுத்தாப்புல சுவர்க் கடிகாரம். நான் அதப் பாத்தேன் தம்பி, பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். நாலு நிமிசம் ஆச்சு. நாலரைக்கு இருந்த பஸ்ஸும் போயிருச்சு. மூடி தொறந்ததும் டின்ன என் பக்கம் நீட்டுனாங்க. ரெண்டு எடுத்துக்கிட்டேன்.